ஊரின் பழைய கட்டடத்தை மீட்க நிதி திரட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு வாசகசாலை இருக்கிறது. அந்தக் காலத்தில் ஊரார் காசு போட்டு, தேக்கு உத்திரமும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியது. கீழே கூடம், மாடியில் சிறு மேடையோடு ஓர் அரங்கு. பதினான்கு வருடம் பூட்டிக் கிடந்து, கூரையில் அரசங்கன்று முளைத்து, திண்ணையில் வாழைத்தார் அடுக்கும் நிலைக்கு வந்தபோது எங்களில் சிலர் சேர்ந்து அதை மீட்கத் தொடங்கினோம். கீழ்க்கூடம் இப்போது திறந்திருக்கிறது. தங்கள் ஊர்ச் சத்திரத்தையோ டவுன் ஹாலையோ பழைய பள்ளிக்கூடத்தையோ இப்படி மீட்க நினைப்பவர்கள் வந்து கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். செயலாளர் என்ற பெயரில் வசூலுக்கு நடந்தவன் நான். பதில்களில் என் சாய்வு இருக்கத்தான் செய்யும்.

முதல் வேலை என்ன? ரசீதுப் புத்தகம் அச்சடித்துவிடலாமா?

வேண்டாம். நாங்கள் அப்படித்தான் தொடங்கிச் சூடுபட்டோம். "ஊரின் பாரம்பரியச் சின்னம்" என்று நான் ஆரம்பித்ததைப் பாத்திரக்கடை அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி, தினம் சாயங்காலம் கதவைத் திறப்பது யார்?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. ஐம்பது ரூபாய் கொடுத்து அனுப்பிவைத்தார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி போனோம். அதற்குள் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சாவியைத் தன் பொறுப்பில் வாங்கியிருந்தார். உள்ளே கால் வைக்க முடியாது என்பதால் திண்ணையை மட்டும் கழுவி, இரண்டு பெஞ்சு போட்டு, நான்கு நாளிதழ்கள் வாங்கிப் போட்டோம். காலையில் பேப்பர் படிக்கப் பெரியவர்கள், மாலையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். அண்ணாச்சி கடையிலிருந்து பார்த்தால் அந்தத் திண்ணை தெரியும். இரண்டாவது முறை நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே ஐயாயிரம் எடுத்து வைத்தார். கட்டடத்தில் எந்த மூலை பயன்படுமோ அந்த மூலையை முதலில் திறந்துவிட்டு, பிறகு காசு கேளுங்கள்.

கட்டடம் யாருக்குச் சொந்தம் என்றே தெரியவில்லை. அதற்குள் வசூலைத் தொடங்கலாமா?

கூடாது. தாலுகா அலுவலகத்தில், நிலம் யார் பெயரில் என்று காட்டும் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். பதிவுத்துறையில் வில்லங்கச் சான்று எடுங்கள். பேரூராட்சியிலோ நகராட்சியிலோ சொத்துவரி யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். சிற்றூர்களில் இந்த மூன்றும் மூன்று கதை சொல்லும். நிலம் புறம்போக்கு, கட்டடம் ஒரு பழைய சங்கத்தின் பெயரில், அந்தச் சங்கத்தின் கடைசி உறுப்பினர் காலமாகி இருபது வருடம் என்று முடிச்சு விழுந்திருக்கும். சத்திரம் என்றால் அறநிலையத் துறையோ ஒரு குடும்ப அறக்கட்டளையோ பின்னால் இருக்கக்கூடும்.

உரிமை உங்களுக்கு வர வேண்டும் என்பதில்லை. உரிமையாளரிடம் நீண்டகாலக் குத்தகை போதும். ஆனால் எழுத்தில் வேண்டும், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தாக வேண்டும். உள்ளாட்சிக் கட்டடமாக இருந்தால் மன்றத் தீர்மானம் வேண்டும். "தலைவர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்" என்பதை நம்பிக் கூரைக்குச் செலவழித்தால், அடுத்த தேர்தலில் தலைவர் மாறியதும் கூரை அவர்களுடையது, செலவு உங்களுடையது.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயிலோ கோட்டையோ அருகில் இருந்தால், அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைப் பகுதி, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. பழுதுபார்க்கவே அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

மழை வருகிறது. கூரை ஒழுகுகிறது. நிதி சேரும்வரை காத்திருக்க முடியுமா?

முடியாது. கூரையில் முளைத்த செடியை அகற்றுங்கள். ஆனால் இழுத்துப் பிடுங்காதீர்கள், வேரோடு காரையும் பெயர்ந்து வரும். அடியோடு வெட்டி, வேரை மருந்து வைத்துச் சாகடித்துவிட்டு அந்த இடத்தை அடைக்க வேண்டும். மழைநீர்க் குழாய்களில் அடைப்பை எடுங்கள். உடைந்த ஓடுகளை மாற்றுங்கள், அல்லது தார்ப்பாய் போடுங்கள். எங்கள் கட்டடத்தில் பாதிச் சேதத்துக்குக் காரணம் ஒரு குழாய் வாயில் அடைத்துக்கொண்டிருந்த அரசிலைகளும் ஒரு பழைய ரப்பர் பந்தும்தான். இந்த அவசரச் செலவைக் குழுவில் இருப்பவர்களே பகிர்ந்துகொள்வது நல்லது. அடுத்தவரிடம் போகும்போது அது பேசும்.

எவ்வளவு செலவாகும் என்று எப்படிக் கணக்கிடுவது?

இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சிமெண்ட் வீடு கட்டிப் பழகிய பொறியாளர் தரும் எஸ்டிமேட், சுண்ணாம்புக் கட்டடத்துக்குப் பொருந்தாது. எங்களுக்கு முதலில் எழுதித் தந்தவர் நல்ல மனிதர், காசுகூட வாங்கவில்லை. "காரை எல்லாவற்றையும் கொத்திவிட்டு சிமெண்ட் பூசிவிடலாம்" என்று ஒரே வரியில் முடித்தார். பக்கச் சுவர் ஒன்றில் அப்படிச் செய்தும் பார்த்தோம். இரண்டே மழையில் பூச்சு உப்பிக்கொண்டு வந்தது, அடியில் செங்கல் மாவாக உதிர்ந்தது. பழைய சுவர் தரையிலிருந்து ஓதத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சின் வழியே அதை வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே நின்று உப்பாகப் பூக்கிறது. அந்தச் சுவரை மறுபடி கொத்தி, மறுபடி பூசியதில் ஒரே சுவருக்கு இரண்டு செலவு.

பிறகு பழைய வீடுகளில் வேலை பார்க்கும் ஒரு கட்டடக் கலைஞரையும், சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரையும் தேடிப் பிடித்தோம். கொத்தனார் வந்ததும் எஸ்டிமேட் கேட்டேன். அவர் பின்கட்டில் குழி வெட்டச் சொன்னார். சுண்ணாம்பைத் தாளித்து அந்தக் குழியில் இரண்டு வாரத்துக்கு மேல் தண்ணீரில் ஊறப்போட்டார். பக்கத்தில் ஒரு பீப்பாயில் உடைத்த கடுக்காயும் வெல்லமும் புளித்துக்கொண்டிருந்தன. தெருவே மணத்தது, டீக்கடைக்காரர் சண்டைக்கு வந்தார். ஊறிய சுண்ணாம்பை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வெண்ணெய் மாதிரி இருந்தது. "இதற்கு நாள்தான் செலவு, பொருள் செலவு கம்மி" என்றார். நாள் என்றால் கூலி. அந்தக் கணக்கு எந்த எஸ்டிமேட்டிலும் சரியாக வராது. வந்த தொகைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்காவது கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கூரை மெட்ராஸ் டெரஸ் என்றால் தனியாக எழுதி வாங்குங்கள். தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில் சாய்வு சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பில் பிடித்து, மேலே செங்கல் ஜல்லிக் காரையும் தட்டோடும் போட்ட கூரை அது. அதில் கட்டையின் நுனி சுவருக்குள் நுழையும் இடம்தான் முதலில் செல்லரிக்கும். ஒவ்வொரு நுனியையும் கொட்டிப் பார்க்காமல் தருகிற எஸ்டிமேட் வெறும் காகிதம்.

மொத்தத் தொகையை ஒரே எண்ணாகச் சொல்லாதீர்கள். கூரை, சுவர், தரை, கழிப்பறை, மின்சாரம் என்று பிரித்து, எது முடிந்தால் எந்தப் பகுதியைத் திறக்கலாம் என்று எழுதுங்கள். பெரிய எண்ணைக் கேட்டு ஊர் மலைத்துப்போகும். "கூடத்துக் கூரைக்கு இன்னும் இவ்வளவுதான் பாக்கி" என்றால் கை நீளும்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் மலிவு என்கிறார்களே?

சில சமயம் அது உண்மைதான். அடித்தளம் இறங்கியிருந்தால், சுவர் தூக்குக்குண்டுக்கு நிற்காவிட்டால், நிபுணர் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் இந்த யோசனையைச் சொல்பவர் கட்டட ஒப்பந்தக்காரரா, பக்கத்து மனைக்காரரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கமா, அறக்கட்டளையா?

இரண்டில் ஒன்று கட்டாயம். தனிநபர் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள், அவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும். சங்கம் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் குறைந்தது ஏழு பேர் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி மாவட்டப் பதிவாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். அறக்கட்டளை சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரத்தோடு முடிந்துவிடும், நடத்துவதும் எளிது. ஆனால் அறங்காவலர்களை ஊர் மாற்ற முடியாது. ஊர்ப் பணத்தில் மீட்கும் கட்டடத்துக்குச் சங்கமே பொருத்தம் என்பது என் எண்ணம். சண்டை வரும்தான், வந்தாலும் பொதுக்குழுவில் வரும். வங்கிக் கணக்கை மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். அந்த மூவரும் ஒரே தெருவாகவோ ஒரே சாதியாகவோ இருக்க வேண்டாம்.

யாரிடம் முதலில் போவது? பணக்காரரிடமா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பணக்காரர் முதலில் கேட்பது "இதுவரை யார் யார் கொடுத்திருக்கிறார்கள்?" என்பதைத்தான். காலிப் பட்டியலோடு போனால் அவர் ஒப்புக்கு ஒரு தொகை எழுதுவார். பின்னால் வருபவர்கள் எல்லோரும் அதற்குக் கீழேதான் எழுதுவார்கள். நாங்கள் கடைத்தெருவில் நூறு, இருநூறு என்று எண்பது பெயர்கள் சேர்த்த பிறகுதான் அரிசி ஆலை முதலாளியைப் பார்க்கப் போனோம். பட்டியலில் தன்னிடம் வேலை பார்க்கும் மூட்டை தூக்குபவர்கள் மூன்று பேரின் பெயரைப் பார்த்தார். அதன் பிறகு பேச்சு வேறு மாதிரிப் போனது.

புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம் கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் ஆடி மாதம் மொய் விருந்து வைத்துப் பெருந்தொகை திரட்டுவார்கள். அதுபோல் ஒன்று வைக்கலாமா என்று எங்கள் குழுவிலும் பேச்சு வந்தது. மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய பணம். கட்டடம் யார் வீட்டு விசேஷத்துக்குப் போய்த் திருப்பிச் செய்யும்? ஆனால் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டோம்: யார் எவ்வளவு என்று எல்லோர் முன்னும் நோட்டில் எழுதுவது.

இணையத் திரள்நிதித் தளங்கள் மருத்துவச் செலவுக்குக் கைகொடுக்கும் அளவுக்குக் கட்டடத்துக்குக் கைகொடுப்பதில்லை. ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழைய மாணவர் ஒருவர் பேசினால் வரும் பணம் அதைவிட அதிகம்.

கொடுத்தவர்களின் பெயரை எங்கே போடுவது?

கோயில் டியூப்லைட்டைப் பார்த்திருப்பீர்கள். உபயதாரர் பெயர் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். நாங்கள் கூடத்துக்கு வெளியே ஒரே பலகை வைத்தோம். எல்லாப் பெயரும் ஒரே அளவு எழுத்தில், அகரவரிசையில், தொகை இல்லாமல். இதில் இரண்டு பெரிய நன்கொடைகளை இழந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றால், அறைக்கு ஒரு பெயர் வைக்கலாம். கட்டடத்தின் பெயரை மட்டும் விற்காதீர்கள்.

பணத்துக்குப் பதில் செங்கல், சிமெண்ட், மின்விசிறி தருகிறேன் என்கிறார்கள்.

மின்விசிறியை வாங்கிக்கொள்ளுங்கள். சிமெண்ட்டை நன்றி சொல்லித் திருப்பி அனுப்புங்கள். காரணம் மேலே சொன்ன சுவர். என்ன வேண்டும் என்ற பட்டியலைக் கொத்தனாரிடம் கேட்டு எழுதி, கதவிலேயே ஒட்டிவிடுங்கள். ஒருவர் தன் இடிந்த வீட்டுத் தேக்கு உத்திரங்களைத் தந்தார். அந்தத் தரத்தில் எங்களால் காசு கொடுத்து வாங்கியிருக்கவே முடியாது.

நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டா?

உங்கள் அமைப்பு வருமான வரித் துறையில் அறநிறுவனமாகப் பதிவு பெற்று, 80ஜி என்று எல்லோரும் அறிந்த ஒப்புதலையும் பெற்றிருந்தால் உண்டு. பொதுவாக, கொடுத்த தொகையில் பாதியைக் கொடுப்பவர் தம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். மூன்று விஷயங்களை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிறகு மனஸ்தாபம் வரும். பழைய வரிமுறையில் இருப்பவருக்கு மட்டுமே இந்தக் கழிவு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. பொருளாகக் கொடுத்தால் கிடையாது. கொடுத்தவர்களின் விவரத்தை நிதியாண்டு முடிந்ததும் மே 31க்குள் நீங்கள் துறைக்குத் தாக்கல் செய்து, சான்றிதழ் எடுத்துத் தர வேண்டும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பழகிய பிரிவு எண்களும் படிவங்களும் மாறுகின்றன. ஆடிட்டர் ஒருவரைக் குழுவிலேயே வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

உண்டியல் வைப்பதானால் கவனம். பெயர் தெரியாத நன்கொடை ஓர் அளவைத் தாண்டினால் அறநிறுவனத்துக்கும் 30 சதவீத வரி உண்டு. பத்து ரூபாய் என்றாலும் பெயரும் முகவரியும் எழுதிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களிடம் வாங்கலாமா?

அவர் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று பாருங்கள். துபாயில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வழக்கமான வங்கி வழியாக அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே தெருவில் பிறந்து சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், அவரிடம் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு அமைப்பு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் செலவு காட்ட வேண்டும். பணம் முதலில் வந்து சேர வேண்டிய கணக்கு டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில். சிற்றூர்ச் சங்கத்துக்கு இது பெரிய மலை. எங்களுக்கு அப்படி ஒருவர் அனுப்பிய தொகையை ஆடிட்டர் சொல்லித் திருப்பி அனுப்பினோம். அவருக்கு வருத்தம். விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஒரு மாதம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி கிடைக்குமா?

கிடைக்கலாம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ எட்டிய கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணிகளின் பட்டியலில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த கட்டடங்களைச் சீரமைப்பதும், பொது நூலகம் அமைப்பதும் வெளிப்படையாகவே இருக்கின்றன. கம்பெனி இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே சென்னைக்கு ஓடாதீர்கள். பக்கத்து நூற்பாலையோ சர்க்கரை ஆலையோ அந்த வரம்புக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

ஆனால் முதல் வருடமே எதிர்பார்க்காதீர்கள். பணத்தை வாங்கிச் செலவிடும் அமைப்புக்கு வரித்துறைப் பதிவுகளும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிவு எண்ணும், இதே போன்ற பணியில் மூன்று வருட அனுபவமும் வேண்டும்.

அரசு நிதி?

கட்டடம் உள்ளாட்சிக்குச் சொந்தம் என்றால் வழி எளிது. நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மிச்சத்தை அரசு தரும். ஊரில் வசூலித்த லட்சம், மூன்று லட்சமாக நிற்கும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. அதற்கு வரிசை நீளம். சிக்கல் என்னவென்றால், அரசுப் பணம் ஒப்பந்தப்புள்ளியோடு வரும். ஒப்பந்தக்காரர் சிமெண்ட்டோடு வருவார். கழிப்பறை, சுற்றுச்சுவர், மின்சாரம் ஆகியவற்றுக்கு அரசுப் பணத்தையும், கூரைக்கும் சுவருக்கும் உங்கள் பணத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்த பிறகு மாதச் செலவுக்கு என்ன செய்வது?

மீட்பதற்குப் பணம் தருபவர் மின் கட்டணத்துக்குத் தரமாட்டார். எனவே வருமானத்துக்கான வழியைக் கட்டடத்துக்குள்ளேயே வையுங்கள். மதுரை ரயில் நிலையம் அருகில் உள்ள விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பகலில் வாசகர்கள் படித்தார்கள், மாலையில் அதே கட்டடத்தில் ரீகல் தியேட்டர் படம் ஓட்டியது. நூலகமும் சினிமாவும் ஒரே கூரையின் கீழ் பிழைத்த ஊர் அது. நாங்கள் முகப்பில் ஒரு சிறு அறையை ஜெராக்ஸ் கடைக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். படிக்க வரும் பிள்ளைகளுக்கும் அது வசதி. கூடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் வளைகாப்பு, நூல் வெளியீடு, கூட்டங்களுக்குத் தருகிறோம். சமையல் கிடையாது, அரசியல் கூட்டம் எந்தக் கட்சிக்கும் கிடையாது. கட்சிக்காரர்களிடம் நன்கொடை வாங்கியபோதே இதைச் சொல்லித்தான் வாங்கினோம்.

கணக்கு கேட்டு யாராவது சண்டைக்கு வந்தால்?

வருவார்கள். அதற்கு முன்பே கணக்கைச் சுவரில் எழுதிவிடுங்கள். மாதம் முதல் தேதி, வரவு, செலவு, இருப்பு, கரும்பலகையில் சாக்பீஸால். எங்களைத் திட்டிக்கொண்டிருந்த ஒருவர் ஒரு மாதம் கூட்டலில் தவறு கண்டுபிடித்தார். முந்நூற்று நாற்பது ரூபாய். அடுத்த பொதுக்குழுவில் அவரையே பொருளாளர் ஆக்கினோம்.

பணம் பாதியில் தீர்ந்து வேலை நின்றுவிட்டால்?

நிற்கும். எங்களுக்கு இரண்டு முறை நின்றது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினைத்துக்கொள்வேன். 1934இல் ஒரு வாடகை அறையில் தொடங்கியது. சொந்தக் கட்டடத்துக்குக் களியாட்ட விழாவும் லாட்டரியும் நடத்திப் பணம் சேர்த்தார்கள். அடிக்கல் நாட்டியது 1954இல், திறந்தது 1959இல். இருபத்தைந்து வருடம். அதற்கிடையே வாசிப்பு நின்றுவிடவில்லை. நிற்கும் காலத்தில் நனையாமல் மூடி வையுங்கள், திண்ணையைத் திறந்தே வையுங்கள், கரும்பலகையில் "இருப்பு: 0" என்றும் எழுதுங்கள். அப்படி எழுதிய மாதத்தில்தான் ஒரு பூக்காரம்மா வந்து, "மாடிக்கு எப்போது ஏறலாம்?" என்று கேட்டு ஐந்நூறு ரூபாய் தந்துவிட்டுப் போனார். சிறுமியாக அந்த மேடையில் வள்ளி வேடம் போட்டாராம். மாடிப் படிக்கட்டுக்கு இன்னும் பதினோரு பலகை பாக்கி.